வீட்டுப் பெயரில் ஒரு வைஃபை

"ஐயா, நீங்கள் மறுபடியும் சிலை ஆனீர்கள்" என்றாள் ஜெர்மனியில் இருக்கும் என் மாணவி. சிறுமி. முந்தைய வகுப்பில்தான் 'சிலை' என்ற சொல்லை நடத்தியிருந்தேன். எழுவாய், பயனிலை, விகுதி எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வாக்கியம் அது. ஓர் ஆசிரியன் பெருமைப்பட வேண்டிய தருணம். பெருமைப்படத் தொடங்கினேன், மறுபடியும் சிலை ஆனேன்.

லேப்டாப்பில் வைஃபை அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்த காலம் அது. திரையில் நான் உறைந்து நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் பிள்ளைகள் பறித்தார்கள். ஒருவன் அதைப் படமாகப் பிடித்துக் குழுவில் போட்டான். பாதி மூடிய கண், முழுதாகத் திறந்த வாய், 'ழ' சொல்லப்போன நாக்கு. தமிழுக்குச் சிறப்பு எழுத்து. எனக்கு மரணக்களை.

தனுவச்சபுரத்துக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளைகளை நம்பி நடந்த பாரலல் காலேஜ் என்று இங்கே சொல்லும் ஒரு தனியார் டுட்டோரியலில் நெடுங்காலம் தமிழ் நடத்தியவன் நான். கேரளத்தின் இந்த ஓரத்தில் தமிழ் படிக்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் தேய்ந்து, ஒரு கட்டத்தில் வகுப்பில் என்னோடு பெஞ்சுகள் மட்டும் இருந்தன. பிறகு கட்டடத்தில் டைல்ஸ் கடை வந்தது. ஐம்பதைத் தாண்டிய தமிழ் வாத்தியாருக்கு டைல்ஸ் கடையில் என்ன வேலை கொடுப்பார்கள்? கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் கொடுக்கவில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் இது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் நடத்தும், சென்னையில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம். வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பும் 'நிலையான இணைய இணைப்பும்' சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. இரண்டும் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். இது போனால் வேறு இல்லை என்பது எனக்கும் மனைவிக்கும் தெரியும். அதனாலேயே நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நிறுவனத்தில் என்னைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மரியாதை தவறாத பெண். அதுதான் பயமாக இருந்தது.

"சார், உங்க பக்கம்தான் இஷ்யூ சார். பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க சார். கொஞ்சம் பாத்துடுங்க சார்."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'சார்' வைத்துப் பேசுகிறவர்கள் சீக்கிரம் கடைசி 'சாரை'யும் சொல்லிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

கொஞ்சம் பார்த்தேன். நிறையவே பார்த்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். இரண்டையும் அணைத்துவிட்டு நானும் கொஞ்சம் படுத்துப் பார்த்தேன். யாரோ ஒரு வடநாட்டு இளைஞன் வீடியோவில் சொன்னபடி டிரைவரைப் புதுப்பித்தேன். இன்னொரு இளைஞன் சொன்னபடி பழைய டிரைவருக்குத் திரும்பினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபையை உறங்க வைக்கும் ஒரு வசதி லேப்டாப்பில் உண்டு என்று கேள்விப்பட்டு, அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். சேனலை மாற்றினேன். ரவுட்டரை ஸ்டீல் அலமாரி மேல் வைத்தேன். இரும்பு ஆகாது என்று படித்துவிட்டு இறக்கினேன். அது கொஞ்சநாள் ஹாலில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை விளக்கு மினுங்க, வருகிறவர்கள் படத்துக்கு வைத்த புது விளக்கு என்று நினைத்தார்கள்.

ஹாலில் லேப்டாப் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் ஹால் ரோட்டைப் பார்த்தது. மீன்காரர் கூவிக்கொண்டு போவார். லாட்டரி வண்டி, நாளைக்கே ஒருவன் கோடீஸ்வரனாவான் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டு போகும். அதைக் கேட்டு டொரண்டோவில் ஒரு பையன் "ஐயா, யார் வெல்கிறார்கள்?" என்றான். பின்னணிச் சத்தம் கூடாது என்று சென்னையிலிருந்து செய்தி வந்தது. அதனால் நான் மதில் பக்கத்துச் சின்ன அறைக்கு நாடு கடத்தப்பட்டேன். அங்கே சத்தம் இல்லை. நெட்டும் இல்லை. அதாவது உண்டு, இல்லை, உண்டு, இல்லை.

கேபிள்காரர் வந்தார். ஹாலில் ரவுட்டர் பக்கம் நின்று, தன் போனில் வேகம் பார்த்தார்.

"சாரே, ஒரு கொழப்பமும் இல்ல. ஸ்பீடு பெர்ஃபெக்டாக்கும்."

இங்கே 'கொழப்பம் இல்ல' என்றால் கோளாறு இல்லை என்று பொருள். எனக்குக் குழப்பம் நிறையவே இருந்தது.

"அறையில வந்து பாக்கணும்லா" என்றேன்.

வந்து பார்த்தார். அவர் நின்ற நேரம் முழுக்க நெட்டும் அறுந்துபோகாமல் நின்றது. காய்ச்சல்காரனைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரிசையில் உட்கார வைத்ததும் உடம்பு குளிர்ந்துவிடுமே, அதுபோல. கேபிள்காரர் என் லேப்டாப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"வயசாச்சு சாரே."

லேப்டாப்பைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கொடுத்து உள்ளே இருந்த வைஃபை அட்டையை மாற்றினேன். கடையில் அருமையாக ஓடியது. உதியன்குளங்கரையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஏனோ நம்பிக்கை போய்விட்டது. வீட்டுக்கு வந்து, சின்ன அறையில் வைத்து, திறந்தேன். உண்டு, இல்லை.

எல்லையில் குடியிருக்கிற எங்களுக்கு இதற்கெல்லாம் ஒரு தயாரான விளக்கம் உண்டு. போன் சில நேரம் கேரளத்தில் நிற்கும், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். ஒரே போன் பேச்சில் இரண்டு மாநிலம் போய்வந்தவர்கள் நாங்கள். வைஃபையும் அப்படித்தான் அலைகிறது போலும் என்று நானும் நினைத்தேன். எவ்வளவு அருகில் வந்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. அலைந்தது உண்மைதான். எல்லைதான் வேறு.

அந்த எல்லையைச் சொல்ல வேண்டும். சின்ன அறை ஜன்னலைத் திறந்தால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அப்பா கட்டிய பழைய வீடு, பாகம் வைத்தபோது அண்ணனுக்குப் போனது. எனக்குப் பக்கத்து மனை. நான் வீடு கட்டி முடித்து, கேட்டில் எங்கள் வீட்டுப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தேன். அதுதான் வினை.

எங்கள் ஊரில் வீட்டுப் பெயர் இல்லாமல் மனிதன் இல்லை. ரேஷன் கார்டில் அது உண்டு, கல்யாணக் கடிதத்தில் அது உண்டு, சபையில் மரண அறிவிப்பு வாசித்தால் செத்தவன் பெயருக்கு முன்னால் அது வரும். வீட்டுப் பெயர் வீட்டோடு நிற்கும், எனவே அது தனக்குத்தான் என்றார் அண்ணன். வீட்டுப் பெயர் குடும்பத்தோடு போகும், எனவே அது எனக்கும்தான் என்றேன் நான். இரண்டு பேரும் வாசித்த மனிதர்கள், ஆதாரங்களை அடுக்கினோம். பிறகு பேச்சு நின்றது. இப்போது அடுத்தடுத்த இரண்டு கேட்டில் ஒரே பெயர். கூரியர்காரர்கள் எங்களைச் சபிக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு கல்லில் இருப்பது போதும்.

ஒரு மத்தியானம் மழை வலுத்து, எங்கோ ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்து, எங்கள் வீட்டில் கரண்டு போனது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ரொம்ப நாளாகியிருந்தது. ஹாலில் ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. சின்ன அறையில் நான் பேட்டரியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்துகளின் மாத்திரை அளவு பற்றி ஒரு நல்ல கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாகத் திறந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்தவன்.

மெழுகுவர்த்தியோடு வந்த மனைவி வாசலில் நின்றாள்.

"கரண்டு இல்லல்லா?"

"இல்ல."

"பின்ன நெட்டு மட்டும் எங்கேருந்து வருது?"

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். மூலையில் எங்கள் வீட்டுப் பெயர், அதன் பக்கத்தில் இரண்டு கோடு. எழுந்துபோய் ரவுட்டரைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஒரு கணம் அப்பாவின் படத்தைப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஜன்னல் வழியாக மதிலுக்கு அப்பால் பார்த்தேன். அண்ணன் வீட்டில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக் கரண்டு வேறு ஃபேஸ் கம்பியில். எங்களுக்குப் போனால் அவர்களுக்கு இருக்கும்.

அப்புறம் எல்லாம் தானாகப் பிடிபட்டது. அப்பா இருந்தபோதே பழைய வீட்டில் வைஃபை வைத்திருந்தோம். அதற்கு வீட்டுப் பெயரையே வைத்தோம், கடவுச்சொல் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நம்பர். புது வீட்டுக்கு ரவுட்டர் பூட்டிய அன்று கேபிள்காரர், "பேரு என்ன போடணும் சாரே?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுப் பெயரைச் சொன்னேன். கேட்டில் வைத்தவன் காற்றில் விடுவேனா? கடவுச்சொல்லும் பழையதே இருக்கட்டும், எல்லார் போனிலும் மறுபடி அடிக்க வேண்டாமே என்றேன்.

ஆக, மதிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இரண்டு வைஃபை. லேப்டாப்புக்கு இரண்டும் ஒன்று. சின்ன அறை இரண்டுக்கும் நடுவில். எங்கள் ஹாலிலிருந்து வரும் அலை கொஞ்சம் தளர்ந்தால் அண்ணன் வீட்டுக்குப் போகும். அங்கே தளர்ந்தால் திரும்பி வரும். ஒவ்வொரு தடவை மதில் தாண்டும்போதும் ஜெர்மனியில் நான் சிலை ஆவேன். பாகப்பத்திரத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். லேப்டாப் போடவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "ஒருத்தர் பேரை மாத்தினா தீந்துதுல்லா?"

"அண்ணன் மாத்தட்டு."

அவள் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இருட்டில் இருந்தேன்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து செய்தி வந்திருந்தது. அடுத்த வகுப்பை மேலாளர் ஒருவரும் உட்கார்ந்து பார்ப்பார். அது தடங்கல் இல்லாமல் நடந்தால் தொடரலாம் சார். வாக்கியத்தின் மறுபாதியை அந்தப் பெண் எழுதவில்லை. மரியாதை.

மறுநாள் காலையில் மதிலோரம் போனேன். அண்ணன் ரப்பர் ஷீட்டைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் பேசாதவரிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து, கடைசியில் நேராகவே தொடங்கினேன்.

"அண்ணா, ஒங்க வீட்டு நெட்டும் எங்க வீட்டு நெட்டும் ஒரே பேருல கெடக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அது எனக்க வீட்டுக்க பேரு. கெடக்கத்தான் செய்யும்."

"பேரைச் சொல்ல வரல. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குச் சாடுது. ஒங்களுக்கும் போன் கட்டாவுமே?"

கை நின்றது. "மக துபாய்லேருந்து கூப்பிட்டா கட்டாவும். அது அந்த ஊருக்க கொழப்பம்."

"ஊருக்க கொழப்பம் இல்ல. ஒங்க போன் எங்க வீட்டுக்கு வருது."

"எனக்க போனா?" இப்போது திரும்பினார். "நானே ஒனக்க வீட்டுக்கு வரல. போன் வருமாலே?"

அவர் ஒரு ஷீட்டை உதறிப் போட்டுவிட்டு, மெதுவாகக் கணக்குப் பார்ப்பவர்போல் நின்றார்.

"அப்போ இவ்வளவு நாளும் நீ எனக்க நெட்ட எடுத்துட்டு இருந்திருக்க."

"நீங்களும் எனக்கத எடுத்திய."

"நான் எடுக்கல. அது வந்ததாக்கும்."

"நீங்க பேரை மட்டும் மாத்தினா போரும் அண்ணா. எனக்கு நாளைக்கு ஒரு கிளாஸ் உண்டு. வேலைக்க காரியம்."

"பேரு வீட்டுக்க பேரு" என்றார் அண்ணன். "மாத்தணும்னா பொறவு வச்சவன் மாத்தட்டு."

எங்களுக்குள் பல வருடங்களில் நடந்த மிக நீண்ட உரையாடல் அது. அதில் உணர்ச்சி இருந்தது, தர்க்கம் இருந்தது, குடும்ப வரலாறு இருந்தது. பயன் இல்லை.

மாற்றினேன். வேறு வழி? அன்று சாயங்காலமே ரவுட்டருக்குள் புகுந்து, வீட்டுப் பெயரை அழித்தேன். அந்த இடத்தில் எதை வைப்பது என்று தெரியவில்லை. கவிதையாக ஏதாவது வைக்கலாம் என்று யோசித்து, வெட்கப்பட்டு, பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த எழுத்தும் எண்ணும் கலந்த பெயரையே போட்டேன். எங்கள் வைஃபை அநாதை ஆனது. ஆனால் அறுந்துபோகாமல் நின்றது. சின்ன அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு இல்லை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நிக்குதா?"

"கல்லு மாதிரி நிக்குது."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. நானும் சிரித்தேன். நாங்கள் அவ்வளவு முன்னெச்சரிக்கை இல்லாத மனிதர்கள்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பு. சலவைச் சட்டை போட்டேன். திரையில் ஏழெட்டுப் பிள்ளைகள், சென்னைப் பெண், அவளுக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டத்தில் முகம் காட்டாத மேலாளர். வேற்றுமை உருபு நடத்தினேன். 'வீட்டை, வீட்டால், வீட்டுக்கு.' நெட் அறாமல் நின்றது. ஜெர்மனிச் சிறுமி "வீட்டில்" என்றாள். டொரண்டோப் பையன் "வீட்டின்" என்றான். இவ்வளவு நன்றாக நான் நடத்தி எவ்வளவோ காலம் ஆயிற்று. ஜன்னலில் மழை வந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது.

ஹாலில் பச்சை விளக்கு போயிருக்கும் என்பது எழுந்து பார்க்காமலே தெரிந்தது. பிள்ளைகள் உறைந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் சிலை. நான் பதறவில்லை. எங்களுக்குப் போனால் அண்ணனுக்கு இருக்கும். லேப்டாப்புக்கு அந்த வீட்டுப் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கும், தானே மதில் தாண்டும், ஒரு நிமிடம் போதும். என்னை இத்தனை நாள் கொன்ற கோளாறு இன்று காப்பாற்றும் என்று நினைத்தபோது அண்ணன்மேல் சின்னதாக ஒரு பாசம்கூட வந்தது.

லேப்டாப் மதில் தாண்டிப் போனது. போய்க் கதவைத் தட்டியது. வட்டம் சுற்றியது. கடவுச்சொல் தவறு என்றது.

ஸ்கூட்டர் நம்பரை நானே அடித்தேன். தவறு. இன்னொரு தடவை, ஒவ்வொரு எண்ணாக, அப்பா வண்டியை வாசலில் நிறுத்துவதை மனதில் பார்த்துக்கொண்டு அடித்தேன். தவறு. தம்பி நெட்டைத் திருடுகிறான் என்று மதிலடியில் தெரிந்துகொண்ட மனிதர் அன்றைக்கே கேபிள்காரரைக் கூப்பிட்டு மாற்றியிருந்தார். நான் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

போனை எடுத்து அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுக்கப் பார்த்தேன். சின்ன அறையில் ஒரு கோடுகூட இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். மனைவி குடை பிடித்தாள். எனக்கு இல்லை, லேப்டாப்புக்கு. கிணற்றடியில் போன் தமிழ்நாட்டுக்குப் போய், சற்று யோசித்து, ஒரு கோடு காட்டியது. வகுப்புக்குள் நுழைந்தபோது அங்கே யாரும் இல்லை. என் முகம் மட்டும் பெரிதாக, நனைந்து, சலவைச் சட்டையோடு.

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் கேட்டது. மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் போனில் துபாய்க்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"இப்ப நல்லா கேக்குது மக்கா. ஆமா, கட்டாவல்ல. இப்ப ஒரு கொழப்பமும் இல்ல. ஒஞ் சித்தப்பன் பேரை விட்டுட்டான்லா."

மனைவியும் கேட்டாள். குடை அசையவில்லை. மழை என் கழுத்தில் விழுந்தது.

மறுநாள் கரண்டு இருந்தது. வெயிலும் இருந்தது. சின்ன அறையில் லேப்டாப்பைத் திறந்தேன், அந்த எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் முழுக் கோடோடு நின்றது. சென்னையிலிருந்து மெயில் வந்தது. மெயிலோடு ஒரு கோப்பும் இருந்தது, அதுவும் உடனே திறந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி, பிள்ளைகளை வேறொரு ஆசிரியரிடம் மாற்றியிருக்கிறோம், வாழ்த்துகள் சார். அப்படி ஒரு வேகத்தில் இந்த அறைக்குள் எதுவும் வந்ததில்லை.

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்க்கவில்லை.

"அந்தப் பழைய பேரையே திருப்பி வச்சிரலாமா? இனி என்ன?" என்றாள்.

"வேண்டாம். அவருக்கு மக கூப்பிடுவா."

அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். வகுப்பு இல்லை, படிப்பதற்கும் மனம் இல்லை. லேப்டாப்பை மூட வேண்டியதுதான். நெட் நன்றாக இருந்ததால் மூட மனம் வரவில்லை.